பெரியவர்களுக்கும் வேலை கொடுங்கள்

ஹைதராபாத்தில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்த மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர், 2013-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. உழைத்துப் பழகிய மூளை பாதிப்பைக் கூடுதல் காலம் சமாளிக்கிறது என்கிறார்கள். நோய் வராது என்பதல்ல, தள்ளிப்போகிறது.

நம் தஞ்சைப் பகுதியில் அரபுத்தமிழ் கிதாபு ஓதும் மூதாட்டிகளும், நெல் மூட்டைக் கணக்கை மனதிலேயே போடும் பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நாமோ 'சும்மா உட்காருங்கள்' என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறோம்! கணக்கு அவர்களிடமே இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு சூரா சொல்லித்தரட்டும். காது மந்தமானால் பேச்சே குறைந்துவிடும், உடனே காட்டுங்கள். பழகிய தெருவில் வழி தவறினால், 'வயசாச்சு' என்று விடாமல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.