அறிவிப்பு வேறு, விளையாட்டு வேறு: கேம் டிரெய்லர்களை எப்படிப் பார்ப்பது?

2018 ஜூன் மாதம். இ3 என்ற கேம் கண்காட்சியையொட்டி லாஸ் ஏஞ்சலிஸில் பெதஸ்டா கேம் நிறுவனம் நடத்திய நிகழ்ச்சி முடியும் தறுவாய். திரையில் மலைகளுக்கு மேல் கேமரா மெல்ல நகர்கிறது. இசை எழுகிறது. ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ என்ற பெயர் தோன்றியதும் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. இந்த வரிசையின் ஐந்தாம் பாகமான ‘ஸ்கைரிம்’ வெளிவந்தது 2011இல். ஆறாம் பாகத்துக்கு ரசிகர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய அரை நிமிடக் காட்சி மட்டுமே. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் கடந்தும் அந்த கேம் விற்பனைக்கு வரவில்லை.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பெரிய கேம் நிகழ்ச்சிகள் முடிந்ததும், ‘அதிகம் எதிர்பார்க்கப்படும் கேம்கள்’ என்று பட்டியல்கள் குவியும். அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. சில, வேலை முடிந்து விற்பனைக்குத் தயாராக இருப்பவை; சிலவற்றுக்குப் பெயர் மட்டுமே வைக்கப்பட்டிருக்கும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று இனம்காணத் தெரிந்தால் பணமும் வீணாகாது, ஆசையும் ஏமாற்றமாக முடியாது.

மேடை யாருக்காக?

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியபோது இ3 ஒரு வணிகக் கண்காட்சி. கடைக்காரர்கள் எந்த கேமை எவ்வளவு கொள்முதல் செய்வது என்று முடிவெடுக்க வந்த இடம் அது. அந்த முதல் கண்காட்சியிலேயே மேடையின் வலிமை தெரிந்துவிட்டது. சேகா தன் சாட்டர்ன் கன்சோலுக்கு 399 டாலர் விலை அறிவித்தது. அடுத்து சோனியின் சார்பில் மேடையேறிய ஸ்டீவ் ரேஸ், பிளேஸ்டேஷனின் விலையான 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

இணையம் வளர்ந்ததும் நிறுவனங்கள் ரசிகர்களிடம் நேரடியாகப் பேசத் தொடங்கின. 2013இல் நின்டெண்டோ தன் பெரிய மேடை நிகழ்ச்சியைக் கைவிட்டு இணைய ஒளிபரப்புக்கு மாறியது. 2019இல் சோனி இ3க்கே வரவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் மீள முடியாத இ3, 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜெஃப் கீலி 2020இல் தொடங்கிய சம்மர் கேம் ஃபெஸ்ட் இன்று அந்த இடத்தில் நிற்கிறது. 2024இல் அந்த நிகழ்ச்சியில் ஒரு நிமிட டிரெய்லருக்கு 2,50,000 டாலர் கட்டணம் என்று செய்தி வெளியானது. நாம் பார்ப்பவற்றில் பல, காசு கொடுத்து வாங்கிய விளம்பர நேரம் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

ஏன் இவ்வளவு முன்கூட்டியே?

பெரிய கேம் ஒன்றை உருவாக்க ஐந்தாண்டுகளுக்கு மேலாவது இன்று சாதாரணம். அவ்வளவு காலம் வாய்மூடி இருந்தால் முதலீட்டாளர்கள் கேள்வி கேட்பார்கள். என்ன வேலை என்று தெரியாத இடத்துக்குத் திறமையான கலைஞர்களை அழைப்பதும் கடினம். புதிய கன்சோலை விற்பவர்களுக்கோ, ‘இந்த கேம் இதில் வருகிறது’ என்ற வாக்குறுதி தேவை. அதனால்தான் வேலை முதிரும் முன்பே பெயர் வெளியே வந்துவிடுகிறது.

காட்டப்படுவது என்ன?

முதல் வகை, பெயர் மட்டும். 2017 இ3 நேரத்தில் நின்டெண்டோ ‘மெட்ராய்டு பிரைம் 4’ கேமின் இலச்சினையை மட்டும் காட்டியது. 2019 ஜனவரியில், எதிர்பார்த்த தரம் எட்டப்படவில்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, டெக்சாஸின் ரெட்ரோ ஸ்டூடியோஸிடம் பணியை ஒப்படைத்து ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. கேம் வெளிவந்தது 2025 டிசம்பரில்.

இரண்டாவது, அலங்காரக் காட்சி. 2005 இ3யில் சோனி காட்டிய ‘கில்ஸோன் 2’ டிரெய்லரைப் பலரும் கன்சோலில் ஓடும் விளையாட்டு என்றே நம்பினார்கள். அது எட்ட வேண்டிய இலக்கைக் காட்ட முன்கூட்டியே உருவாக்கிய அசைவூட்டப் படம் என்பது பிறகே தெரிந்தது. கேம் வந்தது 2009இல்.

மூன்றாவது, விளையாடிக் காட்டுவது. இதுவும் முழு உத்தரவாதம் ஆகாது. ‘சைபர்பங்க் 2077’ கேமின் 48 நிமிட விளையாட்டுக் காட்சியை 2018இலேயே போலந்தின் சிடி ப்ராஜெக்ட் வெளியிட்டது. 2019 இ3 மேடையில் நடிகர் கியானு ரீவ்ஸே வந்து நின்றார். மூன்று முறை தேதி தள்ளி, 2020 டிசம்பர் 10 அன்று வந்தபோது முன்பதிவு மட்டும் 80 லட்சம். ஆனால் பழைய கன்சோல்களில் கேம் திணறியது. அந்தக் கன்சோல்களில் அது எப்படி ஓடுகிறது என்பதை வெளியீட்டுக்கு முன் காட்டாதது தவறு என்று நிறுவனம் மன்னிப்பு கேட்டது. சோனி தன் இணையக் கடையிலிருந்து கேமை நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் அது அங்கே திரும்பியது.

நான்காவது, நம் கையில் தருவது. 2016 இ3யில் நின்டெண்டோ தன் அரங்கையே ‘செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்டு’ கேமுக்கு ஒதுக்கி, வந்தவர்களை விளையாட விட்டது. ஒன்பது மாதத்தில் கேம் கடைக்கு வந்தது.

தாமதம் குற்றமா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இயங்கும் சிறு குழுவான டீம் செர்ரி, ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ கேமை 2019இல் அறிவித்தது, அதே ஆண்டு இ3யில் விளையாடவும் தந்தது. வெளிவர 2025 செப்டம்பர் 4 ஆனது. அன்று வாங்க முண்டியடித்த கூட்டத்தில் ஸ்டீம், நின்டெண்டோ உள்ளிட்ட இணையக் கடைகள் தடுமாறின. கேமும் பரவலாகப் பாராட்டப்பட்டது. செதுக்குபவருக்கு நேரம் கொடுத்தால் சிலை நன்றாக வரும். நேரம் எடுப்பதால் யாருக்கும் நட்டம் இல்லை. குறையை மறைத்து விற்பதில்தான் நட்டம்.

அடுத்த முறை டிரெய்லர் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உண்மையில் விளையாடிக் காட்டுகிறார்களா? நாளும் மாதமும் சொல்கிறார்களா? நம்மிடம் உள்ள கருவியில் அது ஓடுவதைக் காட்டினார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றாலும் முன்பணம் கட்ட வேண்டாம். இணையத்தில் விற்கும் கேம் பிரதி தீர்ந்துபோவதில்லை; வெளியாகி ஒரு வாரம் கழித்து விமர்சனங்களைப் படித்து வாங்கலாம். ஸ்டீமில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.