ஒரு கொக்கியும் இரண்டு ஊசிகளும்

கம்பளித் தொப்பி ஒன்றைக் கையில் எடுத்து உற்று நோக்கினால், அதன் மேற்பரப்பில் ஆங்கில எழுத்தாகிய ‘வி’யைப் போன்ற சிறு வடிவங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உடனே, “இஃது ஊசிப் பின்னல், இயந்திரம் பின்னியதாகவும் இருக்கலாம்” என்று பலர் முடிவு செய்துவிடுவர். அந்த முடிவு சில வேளைகளில் தவறாகிவிடும். ஒரே ஒரு கொக்கியைக் கொண்டு பின்னும் குரோஷே கலையிலும் அதே தோற்றத்தை உருவாக்க முடியும்.

இரு கலைகளுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே காத்திருக்கும். அவற்றுள் ஒன்று நழுவினால், கீழ்வரிசைகளும் ஏணிபோல் பிரியத் தொடங்கும். குரோஷேயில் ஒரு தையலை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்குவர். கொக்கியில் எஞ்சியிருப்பது பொதுவாக ஒரே கண்ணிதான். அதனால் பிழை நேர்ந்தாலும் திருத்துவது எளிது. ஆயினும், ஊசிப் பின்னல் துணி மென்மையாகவும் நன்கு இழுபடக் கூடியதாகவும் இருக்கும். குரோஷே துணியோ சற்றுத் தடித்திருக்கும். ஊசிப் பின்னலின் அழகை விரும்பும் குரோஷே கலைஞர்கள் அதற்கெனச் சில உத்திகளைக் கையாளுகின்றனர்.

முதலாவது, ‘வேஸ்ட்கோட்’ தையல். வழக்கமான ஒற்றைக் குரோஷேயில், முந்தைய தையலின் உச்சியில் உள்ள இரண்டு இழைகளுக்கு அடியில் கொக்கியை நுழைப்பர். இதிலோ, அத்தையலின் இரு கால்களுக்கு நடுவே நுழைப்பர். இதனால் புதிய ‘வி’ பழைய ‘வி’க்குள் பொருந்தி அமர்கிறது. துணியைத் திருப்பாமல் வட்டமாகப் பின்னிச் சென்றால்தான் இந்த வடிவம் தெளிவாகத் தெரியும். நூலை இறுக்கினால் கொக்கி உள்ளே நுழையாது. எனவே, பெரிய கொக்கியும் தளர்வான கையும் தேவை. இத்துணி அதிகம் இழுபடாது. கூடை, பை போன்றவற்றிற்கு ஏற்றது.

இரண்டாவது, துனிசியக் குரோஷே. இதற்கு நீண்ட கொக்கி வேண்டும். அதன் ஒரு முனையில் கண்ணிகள் நழுவாமல் தடுக்கும் குமிழ் இருக்கும். போகும்போது ஒவ்வொரு தையலிலிருந்தும் ஒரு கண்ணியை எடுத்துக் கொக்கியில் சேர்த்துக்கொள்வர். திரும்பும்போது அவற்றை ஒவ்வொன்றாக முடிப்பர். நிமிர்ந்து நிற்கும் முன் இழைக்கும் பின் இழைக்கும் இடையே கொக்கியை நுழைத்து மறுபுறம் வரை கொண்டுசென்றால், முன்பக்கம் ஊசிப் பின்னலைப் போலவே தோன்றும். ஆனால், துணி தடிமனாக இருப்பதோடு ஓரத்தில் சுருளவும் செய்யும்.

தோற்றம் ஒன்றாயினும் அதன் பின்னுள்ள உழைப்பு ஒன்றன்று. 1589ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் வில்லியம் லீ, காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்று கடைகளில் கிடைக்கும் ஊசிப் பின்னல் ஆடைகளுள் பெரும்பாலானவை இயந்திரங்களால் ஆனவை. குரோஷேயைப் போலத் தோன்றும் துணிகளையும் இயந்திரங்கள் தருவதுண்டு. ஆனால், உண்மையான குரோஷே இன்றும் கையால்தான் பின்னப்படுகிறது. கொக்கியின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒருவருடைய நேரம் செலவாகிறது.

ஆகவே, ஒரு பையையோ தொப்பியையோ வாங்கும்முன் அதைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். மெல்ல இழுத்தும் தொட்டும் அதன் தடிமனை உணர வேண்டும். எவ்வாறு பின்னப்பட்டது என்பதை அறிந்தவர், இயந்திரப் பொருளென எண்ணிக் கைவினைஞரிடம் பேரம் பேச மாட்டார். மிக மலிவான விலையைக் கண்டால், “பின்னிய கைகளுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு?” என்றும் கேட்பார்.