அலுமினியப் பாத்திரத்தில் ரசம் வைக்கலாமா? உண்மையில் பயப்பட வேண்டியது எதற்கு?

"ரசம்னா ஈயச்சொம்புதான்." மயிலாப்பூர் சமையலறைகளில் இது எழுதப்படாத சட்டம். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளின் பாத்திரக் கடைகளில் ஈயச்சொம்பு கேட்டு வருபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அதே வீட்டில் சாதம் வேகும் குக்கர் பெரும்பாலும் அலுமினியம். டப்பாவில் புளியோதரையை மூடும் ஃபாயில் அலுமினியம். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று வீதியெங்கும் நடக்கும் அன்னதானத்திலும் பெரிய பெரிய அலுமினிய அண்டாக்களைப் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம், "அலுமினியம் ஸ்லோ பாய்சன், உடனே தூக்கிப் போடுங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாதத்துக்கு ஒரு ஃபார்வர்டு வந்துவிடுகிறது. பாட்டி காலத்துச் சட்டியைத் தூக்கிப் போட வேண்டுமா, வேண்டாமா?

கண்ணுக்குத் தெரியாத தோல்

முதலில் ஒரு ஆச்சரியம். அலுமினியம் சாதுவான உலோகமே அல்ல. ஆக்சிஜனைக் கண்டால் உடனே ஒட்டிக்கொள்ளும். புதிதாக வெட்டிய அலுமினியத்தின் மேல் காற்று பட்டதுமே அலுமினியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் உருவாகிவிடும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

இரும்பில் வரும் துருவும் ஆக்சைடுதான். ஆனால் துரு உதிரும். உதிர்ந்த இடத்தில் மறுபடி துரு பிடிக்கும். அலுமினியத்தின் படலம் உதிராது. தோல் மாதிரி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். நாம் சமைப்பது இந்தத் தோலின் மேல்தான், அலுமினியத்தின் மேல் அல்ல.

குக்கருக்கு இந்த உலோகம் வந்ததற்கும் காரணம் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எடையோ அதே அளவு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. அடி சீக்கிரம் பிடிக்காது, கேஸ் மிச்சம், கை வலிக்காது.

மெட்ராஸில் தொடங்கிய கதை

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை அலுமினியம் விலை உயர்ந்த உலோகம். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும், பிரான்சில் பால் எரூவும் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள்: உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பது. விலை சரிந்தது.

அடுத்த பத்து, பன்னிரண்டு வருடத்தில் அது மெட்ராஸ் வந்துவிட்டது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், 1898-ல் எழும்பூர் பகுதியில் இருந்த ஓவியப் பள்ளியில் (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய உள்ளூர் கைவினைஞர்களுக்கு இறக்குமதி செய்த அலுமினியத் தகட்டைக் கொடுத்துப் பழக்கினார். 1900-ல் இந்தியன் அலுமினியம் கம்பெனி இங்கே உருவானது. சில ஆண்டுகளில் பள்ளியின் அலுமினியப் பிரிவு அதன் கைக்குப் போனது. பின்னாளில் ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை நம்பி மேட்டூரிலேயே 1965 முதல் அலுமினியம் உருக்கப்பட்டது தனிக் கதை.

புளி பட்டால் என்ன ஆகும்?

அந்தத் தோலுக்கு எதிரிகள் மூன்று: அமிலம், காரம், உப்பு.

புளி, தக்காளி, எலுமிச்சை, தயிர் எல்லாம் அமிலம். இவை ஆக்சைடு படலத்தைக் கரைக்கும். கீழே இருக்கும் அலுமினியமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உணவில் சேரும். சூடு, நேரம், உப்பு மூன்றும் கூடக் கூட, கரைவதும் கூடும். ரசத்தில் ஒரு உலோக வாடை அடிப்பதாகத் தோன்றினால் அது வெறும் பிரமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நம் வீட்டுக் கைவைத்தியம் ஒன்றே இதற்குச் சாட்சி. குக்கர் அடியில் கருக்காமல் இருக்க, தண்ணீரில் பழைய புளியோ, பிழிந்த எலுமிச்சை மூடியோ போடுவார்கள். தண்ணீரில் உள்ள தாதுக்கள் சேர்ந்து அந்தத் தோலைக் கருப்பாக்குகின்றன. அமிலம் அதைக் கரைத்துப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, சாதம் தனிப் பாத்திரத்தில் இருக்கிறது, அதனால் பிரச்னை இல்லை. அதே வேலை ரசத்துக்குள் நடந்தால் கரைந்ததெல்லாம் தட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். (அந்தக் கருப்பு விஷமும் இல்லை. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது தோலைச் சுரண்டும் வேலை.)

காரத்துக்கு உதாரணம் டிஷ்வாஷர். அதன் டிடர்ஜென்ட் வலுவான காரம். அலுமினியச் சட்டியை உள்ளே போட்டால் மங்கிப்போய் வெளியே வரும்.

ஃபாயிலில் நடப்பது இன்னும் வேடிக்கை. ஸ்டீல் பாத்திரத்தில் புளியோதரை வைத்து மேலே ஃபாயில் போட்டு மூடி, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். உணவு ஃபாயிலைத் தொட்ட இடத்தில் ஊசி குத்தியது மாதிரி ஓட்டைகள் விழுந்திருக்கும். ஸ்டீல் ஒரு முனை, அலுமினியம் மறுமுனை, நடுவில் உப்பும் புளிப்பும். ஒரு குட்டி பேட்டரி தயார். அதில் கரைவது அலுமினியம்தான். ஓட்டையில் காணாமல் போனது எங்கே போயிருக்கும்?

அப்போ அல்சைமர் வருமா?

இந்தப் பயம் 1960-களில் தொடங்கியது. முயல்களின் மூளையில் அலுமினியத்தைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் மாற்றம் தெரிந்தது. 1970-களில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு மூளைப் பாதிப்பு வந்தது. டயாலிசிஸ் தண்ணீரிலும் அவர்கள் சாப்பிட்ட மருந்திலும் இருந்த அலுமினியம்தான் காரணம் என்று தெரிந்தது. அது உண்மை. ஆனால் அது அல்சைமர் அல்ல, பாத்திரத்தில் இருந்து வந்ததும் அல்ல. பாத்திரத்தால் அல்சைமர் வரும் என்பதற்கு இத்தனை வருட ஆய்வுக்குப் பிறகும் ஆதாரம் கிடைக்கவில்லை.

உணவோடு போகும் அலுமினியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடல் உறிஞ்சும். உறிஞ்சியதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் வகுத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது அதைப் போல இரண்டு மடங்கு.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. வெளியேற்றும் வழியே பழுதாக இருப்பதால், அவர்கள் சமையலில் அலுமினியத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதைத்தான் நம்ம ஊர் பாஷையில் சொல்கிறது: சட்னி, சாம்பார் போன்ற புளிப்பான உணவை அலுமினியம், இரும்பு, பூச்சு இல்லாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் சேமித்து வைக்காதீர்கள். கவனிக்க: சேமித்து வைப்பது. பருப்பு வேகவைப்பது, பால் காய்ச்சுவது, சாதம் வடிப்பது எல்லாம் கவலைப்படும் பட்டியலில் இல்லை. நேற்றைய சாம்பார் அதே அலுமினியச் சட்டியில் இன்று மதியம் வரை கிடப்பதுதான் தப்பு.

கீறல் விழாத ஹார்டு அனோடைஸ்டு பாத்திரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதே ஆக்சைடு தோலை மின்சாரம் வைத்துப் பல ஆயிரம் மடங்கு தடிமனாக வளர்த்திருப்பார்கள்.

உண்மையான வில்லன் வேறு

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவிக்கொண்டு போன காலம் பலருக்கு நினைவிருக்கும். பேச்சுவழக்கில் அலுமினியத்தையும் 'ஈயப் பாத்திரம்' என்றே சொல்வார்கள். அப்படிப் போன நசுங்கிய சட்டிகள் மறுபடி உருகிப் புதுப் பாத்திரமாகும். நல்ல விஷயம்தான். மறுசுழற்சிக்கு, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும்.

சிக்கல், உலையில் கூடவே என்ன விழுகிறது என்பது. பழைய எஞ்சின் பாகம், எலெக்ட்ரானிக் குப்பை எல்லாம் சேர்ந்தால் காரீயமும் உள்ளே வரும். 2014-ல் கேமரூனில் ஸ்கிராப்பிலிருந்து செய்த பாத்திரங்களில் இது ஆய்வில் பிடிபட்டது. 2022-ல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், ஆப்கன் அகதிக் குடும்பங்களின் அலுமினியப் பாத்திரங்களில் பிடிபட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., காரீயம் கசியக்கூடிய இறக்குமதிப் பாத்திரங்கள் பற்றி எச்சரித்தபோது சொன்ன பெயர்களில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரியும்: இண்டாலியம்.

இண்டாலியம் என்றாலே காரீயம் என்று அர்த்தம் இல்லை. எந்த ஸ்கிராப், யார் உருக்கியது என்று தெரியாத பாத்திரம்தான் ஆபத்து. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளின் மூளை. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் பயமுறுத்த வேண்டியது இதைப் பற்றித்தான். அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச்சில் உத்தரவிட்டது. பெயரும் முத்திரையும் இல்லாத மலிவுச் சட்டியைவிட, ஐ.எஸ். 1660 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பாத்திரத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஈயச்சொம்புக்கும் இதே கேள்வி உண்டு. அது வெள்ளீயத்தில் செய்வது. ரசத்துக்கு அது சரி. 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். ரசம் உள்ளே இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதில் விலை குறைந்த காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நகையில் எத்தனை காரட் என்று பார்க்கும் அதே எக்ஸ்.ஆர்.எஃப். வகைக் கருவிதான் சியாட்டில் ஆய்வாளர்கள் பாத்திரங்களில் காரீயத்தைத் தேடவும் பயன்படுத்தியது. அது வீட்டில் இருக்காது. எனவே அடுத்த முறை மாட வீதியில் சொம்பு வாங்கும்போது, 'சுத்த வெள்ளீயம்' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடக்கலாம்.