அரங்கேற்று காதையும் பள்ளிக் கலைத்திருவிழாவும்
எல்லைப்புற மாணவர்தம் இசைப்பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பயின்றதனை அவையின்முன் நிறுத்தி அதன் ஒப்புதலைப் பெறுதல் தமிழர்க்குப் பழைய வழக்கமாகும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தே அதங்கோட்டாசான் முன்னர் அரங்கேறியதெனப் பாயிரம் கூறும். சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்தின் மூன்றாம் காதை அரங்கேற்றத்தையே பெயராகக் கொண்டது. அவ்வரங்கு இந்நாளில் பள்ளி முற்றத்திற்கு வந்துள்ளது. தமிழ்நாட்டரசின் பள்ளிக்கல்வித் துறை 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கெனக் கலைத்திருவிழாவைத் தொடங்கிற்று. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்னும் படிகளில் நிகழும் அப்போட்டிகளில் வாய்ப்பாட்டும் கருவியிசையும் இடம்பெறுகின்றன. மாநில நிலையில் சிறந்து விளங்குவோர் கலையரசன், கலையரசி என்னும் பட்டங்களைப் பெறுகின்றனர். இதற்கு முன்னரே, 2015 முதல், நடுவண் அரசின் கலா உத்சவ் நடைபெற்று வருகின்றது. கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவோ 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய பழைமையுடையது.

இத்தகைய விழாவிற்கு இசை மாணவரை ஆயத்தம் செய்யும் முறை யாது, அதற்கு நம் பழைய நூல்கள் தரும் ஒளி யாது என்பனவற்றை ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காதை கூறும் பயிற்சி

மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள் என்பது காதையின் செய்தி. ஆயினும் இளங்கோவடிகள் அவள் திறத்தை முதற்கண் விரித்துரைத்தாரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழோன் என்னும் அறுவர் இலக்கணத்தையே முதலில் கூறினார். அதன் பின்னரே ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கின் அமைதியையும், எழினி மூன்றனையும் உரைத்தார். ஆடுவோள் அரங்கிற் புகுவது இவையனைத்தும் முடிந்த பின்னரேயாம்.

இவ்வைப்புமுறை கருதத்தக்கது. ஆசிரியனும் துணைக் கருவியாளரும் அரங்கும் தகுதியுடையனவாதல் முதல் நிலை. மாணவரைத் தேர்தல் அடுத்த நிலை. இன்றைய போட்டியில் மதிப்பெண் மாணவர் ஒருவர்க்கே இடப்படுகின்றது. அவரைப் பயிற்றியவர் யார், எத்துணைக் காலம் பயிற்றினார் என்னும் வினாக்கள் மதிப்பெண் தாளில் எழுவதில்லை. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றிற்குப் பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். ஆயினும் ஒவ்வொரு பள்ளிக்கும் இசையாசிரியர் வாய்த்திலர். தமிழாசிரியரோ கணக்காசிரியரோ தம் ஆர்வத்தால் மாலை வேளையில் பாடல் கற்பித்தலே பல ஊர்களில் நிகழ்வது. ஏழாண்டுப் பயிற்சி ஏழு கிழமைக்குள் அடங்கிவிடுகின்றது.

2. நிலமும் மொழியும்

1965இல் சேலத்தினின்று பிரிந்த தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிந்தது கிருட்டிணகிரி மாவட்டம். வடமேற்கே கருநாடகமும் வடகிழக்கே ஆந்திரமும் அதன் எல்லைகள். ஓசூர், தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் இல்ல மொழிகளாக வழங்குகின்றன. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர்ப் பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் தொழில் நாடி வந்து குடியேறினர். ஆகவே ஒரே வகுப்பில் மூன்று, நான்கு தாய்மொழிகள் கேட்கப்படுதல் இங்கு இயல்பு.

இந்நிலத்தில் தமிழ்ப்பாடல் போட்டிக்கு மாணவரை ஆயத்தம் செய்வோர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் ஒலிப்பேயாகும். யாம் நடுவருள் ஒருவராக அமர்ந்த ஒரு போட்டியில் ஒரு சிறுமி பாடினாள். சுருதியும் தாளமும் இம்மியும் வழுவவில்லை. ஆயின் ‘ஏழிசை’ என்னும் சொல் வருந்தோறும் ‘ஏளிசை’ என்றே ஒலித்தாள். யாம் மதிப்பெண்ணைக் குறைத்தோம். அவள் பரிசை இழந்தாள். அவளுடைய இல்ல மொழி கன்னடமென்பதும், கைப்பேசியிற் பதிந்த பாடலொன்றைக் கேட்டு மூன்று கிழமைக்குள் தானே பயின்றாள் என்பதும் பின்னரே தெரியவந்தன. அப்பிழையை அவளுக்கு எடுத்துரைத்தவர் ஒருவருமிலர். அன்று யாம் அளந்தது அவள் திறத்தையோ, அவளுக்கு வாய்க்காத ஆசிரியனின் குறையையோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

3. ஒலிப்பும் சொற்பிரிப்பும்

தமிழில் ‘ஏழு’ என நிற்பது கன்னடத்தில் ‘ஏளு’ எனவும் தெலுங்கில் ‘ஏடு’ எனவும் வழங்கும். ‘கோழி’ என்பதும் அவ்வாறே ‘கோளி’, ‘கோடி’ எனத் திரியும். பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. பின்னர் அது பெரும்பாலும் ளகரத்தோடு ஒன்றிற்று. எனவே எல்லைப்புற மாணவரின் திரிபு, உறவு மொழிகளுக்கிடையே வரன்முறையாக நிகழும் ஒலிமாற்றமேயன்றி நாவின் சோம்பலன்று. ‘பிழை’ என வெறுத்துரைத்தலினும், ‘உன் வீட்டில் ஏளு என்பது இங்கு ஏழு ஆகும்’ என இணைத்துக் காட்டுதல் விரைந்து பயன்தரும். பாடலில் வரும் ழகரச் சொற்களை முதலில் பண்ணின்றிப் பேச்சாகச் சொல்வித்து, நா பழகிய பின்னர் இசையோடு பொருத்துதல் வேண்டும்.

இசையாசிரியன் இலக்கணம் கூறுமிடத்து, தேசிகம் எனப்படும் நாட்டு வழக்கின் ஓசைகளையும் அவன் குற்றமற உணர்ந்திருத்தல் வேண்டுமெனக் காதை கூறுகின்றது. அவ்விலக்கணம் ஓசூரில் இன்று கற்பிப்போர்க்கென்றே வகுத்ததுபோல் அமைந்துள்ளது.

ஒலிப்பினை அடுத்து வருவது சொற்பிரிப்பு. எழுத்துகள் தம் மாத்திரை கடந்து இசையில் நீளுதல் உண்டெனத் தொல்காப்பியர் நூன்மரபில் கூறி, அதனை இசைநூலார்க்கு உரியதாகச் சுட்டினார். நீட்சி இசைக்கு இயல்பு. எவ்விடத்து நீட்டி எவ்விடத்து மூச்செடுப்பது என்பதே வினா. ‘தாமரை’ என்பதனைத் ‘தா’ என நிறுத்தி ‘மரை’ எனத் தொடங்கின், மலர் மறைந்து மான் தோன்றும். பொருளறியாது பாடும் மாணவர்க்கு இவ்விடம் தெரியாது. ஆதலின் பாடலைக் கரும்பலகையில் எழுதிச் சீர்பிரித்துப் பொருளுரைத்தல் முதற் பாடமாதல் வேண்டும். இது தமிழாசிரியரால் இயல்வதே. இசைப்புலமை இதற்கு இன்றியமையாததன்று.

எல்லைப்புற மாணவர்க்குத் தனிச்சிறப்பொன்றும் உண்டு. இசையின் தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளையில் வகுத்தவரெனப் போற்றப்படும் புரந்தரதாசர் பாடியது கன்னடத்தில். தியாகராசர் பாடியது பெரும்பாலும் தெலுங்கில். பிறர் பொருளறியாது மனப்பாடம் செய்யும் அப்பாடல்கள் இம்மாணவர்க்கு இல்ல மொழி. 1943இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழிசைச் சங்கத்தின் வேண்டுகோள் தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாடலுக்கு உரிய இடம் வேண்டும் என்பதேயன்றிப் பிறமொழிப் பாடலை வெறுத்தலன்று. பொருளுணர்ந்து பாடுதலே அவ்வியக்கத்தின் உயிர்நிலையெனின், இச்சிறார் இரு மொழியிலும் அதனை எய்தக்கூடியவர்.

4. குரலும் சுருதியும்

பன்னிரண்டு முதல் பதினைந்து அகவைக்குள் ஆண் மக்களின் குரல் உடைந்து ஏறத்தாழ ஒரு தானம் கீழிறங்குகின்றது. எட்டாம் வகுப்பில் ஐந்து கட்டைச் சுருதியில் பாடிப் பரிசு பெற்ற மாணவனை மறு ஆண்டும் அச்சுருதியிலேயே பாடச் செய்தல் குரல்வளைக்குக் கேடு. அத்தகையோனை ஓராண்டு தாளக் கருவியிலோ குழுப்பாடலிலோ ஈடுபடுத்தல் நன்று. பரிசின்பொருட்டுக் குரலை இழத்தல் வித்தை உண்டு விளைவை இழத்தலாகும்.

ஒலிபெருக்கிப் பழக்கமும் வேண்டும். வகுப்பறையில் பாடிய சிறார் மேடையில் தம் குரலைத் தாமே கேட்டு மருளுதல் உண்டு. அரங்கின் அளவைக் காதை கோலால் வகுத்துரைத்தது அரங்கும் பயிற்சியின் உறுப்பாதல் பற்றியே எனலாம். குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதனைப் பின்பற்றி முழவும் இயைந்து ஒலித்தமையை அக்காதை காட்டும். ஒருவரையொருவர் கேட்டு இயைதல் என்னும் இப்பண்பு பதிவுசெய்த இசையோடு தனித்துப் பாடுவார்க்கு வாய்ப்பதரிது.

5. கூத்தும் நாட்டுப்பாடலும்

இவ்வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழாவின்போது தெருக்கூத்து இரவு முழுதும் நிகழும். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியன அதன் கருவிகள். அக்குடும்பத்துச் சிறார் சிலர் பள்ளிகளில் பயில்கின்றனர். விடியுமட்டும் விரியும் கலையைச் சில நிமிடங்களில் காட்டுக என்னும்போது அவர் திகைப்பர். விரைந்த ஆட்டத்தை மட்டும் நறுக்கித் தருதல் எளிது. ஆயின் கதை கெடும். ஒரு விருத்தம், அதனைத் தொடர்ந்து ஒரு தரு, ஓர் அடவு என ஒரே நிகழ்ச்சியைத் தலையும் காலும் உடையதாக அமைத்தல் தக்கது. அதனை அமைத்தற்குரியார் ஊர்க் கூத்தாசிரியரே. அவரைப் பள்ளிக்கு அழைத்தல் வேண்டும். கிருட்டிணகிரியில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாகசுரம், தவில் முதலியன மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. விழா முடிந்த பின்னர் ஆர்வமுடைய மாணவரை அங்கு ஆற்றுப்படுத்துதல் ஆசிரியர் கடன்.

முடிபு

மாதவி தலைக்கோல் பெற்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பரிசும் பெற்றாள். ஆயின் அவ்விலை மதிப்புடைய மாலையையே கூனி நகர மறுகில் விற்பாள்போல் நிறுத்தினாள், கோவலன் வாங்கினான், கதையின் துன்பம் ஆங்குத் தொடங்கிற்று. அரங்கிற் பெற்ற சிறப்பு தெருவில் விலையானமை அடிகள் நமக்கு வைத்த எச்சரிக்கை எனக் கொள்ளலாம்.

பள்ளியின் பெயர்ப்பலகைக்காகத் திரட்டப்படும் பரிசும் அத்தகையதே. விழாவிற்கு மறுநாள் பரிசு பெறாத மாணவரும் பாடுகின்றனரா என்பதே பயிற்சியின் உரைகல். அன்று பரிசிழந்த அச்சிறுமிக்கு ஓர் ஆசிரியர் கிடைத்து, ஏழும் ஏளும் ஒரே வேரின என அறிந்து அவள் இன்றும் பாடிக்கொண்டிருப்பாளாயின், நடுவராயிருந்து யாம் செய்த பிழைக்கு அதுவே கழுவாயாகும்.