பார்த்துக்கொண்டே இருந்தால் பஸ் வராதா? ஒரு கிரேக்கப் புதிரும் சென்னையில் படித்த இயற்பியலாளரும்

வெள்ளிக்கிழமை இரவு. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழே, தோளில் பையுடன் நிற்கிறீர்கள். ஊருக்குப் போகிற பஸ் மடிவாளாவைத் தாண்டிவிட்டதாக ஆப் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பாதி தூரம் வந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மீதியில் பாதி. அப்புறம் அந்த மீதியிலும் பாதி. "இது இன்னைக்கு வந்து சேராதுப்பா" என்று பக்கத்தில் நிற்பவர் அலுத்துக்கொள்கிறார்.

அவருக்குத் தெரியாமலே அவர் சொன்னது, சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் ஜீனோ சொன்னதைத்தான்.

ஜீனோ இன்றைய தெற்கு இத்தாலியில் இருந்த எலியா என்ற கிரேக்கக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அவருடைய குரு பார்மெனிடீஸ், உலகில் மாற்றம் என்பதே கிடையாது, அசைவு வெறும் தோற்றம் என்றார். ஊரே சிரித்தது. சிரித்தவர்களுக்குப் பதிலாகத்தான் ஜீனோ தன் புதிர்களை எழுதினார். அசைவு உண்டு என்று நீங்கள் நம்பினால் அது எவ்வளவு விபரீதமான இடத்தில் கொண்டுபோய் விடும் பாருங்கள் என்பதே அவர் வாதம். அவர் எழுதிய நூல் தொலைந்துவிட்டது. மறுப்பதற்காக அரிஸ்டாட்டில் எடுத்துச் சொன்ன வடிவத்தில்தான் புதிர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முடியாத பட்டியல், முடியும் பயணம்

பஸ் உங்களிடம் வர முதலில் பாதி தூரம் கடக்க வேண்டும், பிறகு மீதியில் பாதி, பிறகு அதிலும் பாதி. இந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை. முடிவில்லாத வேலைகளை யாரால் முடிக்க முடியும்? இதுதான் முதல் புதிர்.

இந்தப் பட்டியலை நம் தாத்தாக்கள் வாய்ப்பாடாகவே படித்திருக்கிறார்கள். அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போங்கள்: அரையும் காலும் முக்கால், அதோடு அரைக்கால், அதோடு வீசம்... ஒன்றை நெருங்கும், ஒன்றைத் தாண்டாது.

இதையே வேகத்தோடு பார்ப்போம். ஓசூர் சாலையில் ஒரு தண்ணீர் லாரி மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 5 மீட்டர். அதற்கு 100 மீட்டர் பின்னால் நீங்கள் பைக்கில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில். லாரி இருந்த இடத்தை நீங்கள் 10 நொடியில் அடையும்போது அது 50 மீட்டர் முன்னே போயிருக்கும். அதை 5 நொடியில் அடைந்தால் 25 மீட்டர் முன்னே. இப்படியே போனால் நீங்கள் லாரியைப் பிடிக்கவே முடியாது என்கிறார் ஜீனோ. அவர் கதையில் பைக்குக்குப் பதில் மாவீரன் அக்கிலீஸ், லாரிக்குப் பதில் ஆமை.

ஆனால் நேரங்களைக் கூட்டுங்கள்: 10 + 5 + 2.5 + 1.25... மொத்தம் சரியாக 20 நொடி. இருபதாவது நொடியில், நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்து 200 மீட்டரில், லாரியைப் பிடித்துவிடுவீர்கள். படிகள் முடிவில்லாதவை, அவற்றுக்கு ஆகும் நேரமோ அளவுள்ளது. இரண்டையும் ஜீனோ ஒன்றாகக் குழப்பினார் என்று சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம்தான். ஆனால் முடிவில்லாத கூட்டலுக்கு ஒரு விடை உண்டு என்று எந்த உரிமையில் சொல்கிறோம்? இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். 1444-ல் பிறந்த, கேரளத்தின் திரூர் பகுதியைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி. ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில் கால், காலில் கால், அதிலும் கால் (1/4 + 1/16 + 1/64...) என்ற முடிவிலித் தொடரை எடுத்துக்கொள்கிறார். அதன் கூட்டுத்தொகை மூன்றில் ஒன்று. அத்தோடு விடவில்லை. அது அந்த அளவுக்கு மேல் போகாது என்று எப்படித் தெரியும், அந்த அளவு வரை வளரும் என்றும் எப்படித் தெரியும் என்று இரு பக்கமும் கேட்டு விளக்குகிறார். ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குக் கறாரான பதில் கிடைத்தது 19-ம் நூற்றாண்டில்தான்.

நிற்கும் அம்பு

என்னைக் கேட்டால், ஜீனோவின் புதிர்களில் உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுப்பது அம்புப் புதிர்தான். பறக்கும் அம்பை ஏதாவது ஒரு கணத்தில் பாருங்கள். அந்தக் கணத்தில் அது ஒரே இடத்தில் இருக்கிறது, அசையவில்லை. எல்லாக் கணங்களிலும் இப்படித்தான் என்றால், அது எப்போது பறக்கிறது?

உங்கள் ஆப்பில் வரும் ஒரே ஒரு இடப்புள்ளியை வைத்து பஸ் ஓடுகிறதா, சிக்னலில் நிற்கிறதா என்று சொல்ல முடியாது. அடுத்த புள்ளியும் வேண்டும். வேகம் என்பது ஒரு கணத்துக்குள் ஒளிந்திருக்கும் பொருள் இல்லை, பக்கத்துக் கணங்களோடு ஒப்பிடும்போது கிடைப்பது. கால்குலஸ் சொல்வது இதைத்தான். விஷயம் இத்தோடு முடிந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள்.

ஜீனோ திரும்பி வந்த கதை

1977-ல் பைத்யநாத் மிஸ்ரா, இ.சி.ஜி. சுதர்சன் என்ற இரு இந்திய இயற்பியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே ஜீனோவின் பெயர் இருந்தது. சுதர்சன் கோட்டயத்துக்காரர், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோட்பாட்டு ஆய்வு மையத்தை உருவாக்கியவர். பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். 2018-ல் காலமானார்.

அவர்கள் சொன்னது: ஒரு குவாண்டம் பொருளை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால், அது மாறவே மாறாது. ஜீனோவின் அம்பு போல நின்றுவிடும்.

எப்படி? குவாண்டம் உலகில் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாய்ப்பு, தொடக்கத்தில் நேரத்தோடு அப்படியே வளர்வதில்லை, நேரத்தின் வர்க்கமாக வளர்கிறது. நேரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வாய்ப்பு நூறில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு அளவீடும் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிடுகிறது. பத்து முறை அளந்தால் கிட்டத்தட்ட பத்து × நூறில் ஒன்று, அதாவது பழைய வாய்ப்பில் பத்தில் ஒன்றுதான். நூறு முறை அளந்தால் நூறில் ஒன்று. லாரிக் கணக்கில் துண்டுகளைக் கூட்டினால் முழுசு கிடைத்தது. இங்கே துண்டுகள் கூடக்கூட மொத்தமே கரைகிறது.

(அரை மணிக்கு ஒரு ஸ்டேட்டஸ் கால் வைக்கும் மேனேஜர்கள் இதைப் படிக்க மாட்டார்கள், விடுங்கள்.)

1990-ல் அமெரிக்காவின் கொலராடோவில், வேய்ன் இட்டானோ குழுவினர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சுமார் 5,000 பெரிலியம் அயனிகளைப் பிடித்து வைத்து, கால் நொடியில் அவை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்படி ரேடியோ அலை கொடுத்தார்கள். இடையில் சிறு லேசர் துடிப்புகளால் 'எந்த நிலையில் இருக்கிறாய்' என்று கேட்டார்கள். கடைசியில் ஒரே முறை கேட்டால் எல்லாம் மாறியிருந்தன. 4 முறை கேட்டால், கணக்குப்படி 37.5 சதவீதம்தான் மாற வேண்டும். 64 முறை கேட்டால் 4 சதவீதத்துக்கும் கீழ். அளந்ததும் கணக்கோடு ஒத்துப்போனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மனம் பார்த்தால் உலகம் மாறும், குவாண்டம் அறிவியலே சொல்லிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். அளவீடு என்பது இங்கே கண்ணால் பார்ப்பது இல்லை. லேசர் ஒளி அயனியோடு மோதி, அதன் நிலையைப் பற்றிய தகவலை வெளியே எடுத்துவருகிறது. ஆய்வகத்தில் யாருமே இல்லாவிட்டாலும் இதே முடிவுதான் வரும்.

பஸ்ஸுக்கும் இது பொருந்தாது. வர்க்கமாக வளரும் அந்தத் தொடக்கக் காலம் பெரும்பாலான பொருள்களுக்கு நம்பமுடியாத அளவுக்குச் சிறியது. அதற்குள் பலமுறை அளந்தால்தான் மாற்றம் உறையும். சாதாரணக் கதிரியக்க அணுக்கருவுக்குக்கூட அந்த வேகத்தில் அளக்கும் கருவி நம்மிடம் இல்லை.

இன்னொரு திருப்பமும் உண்டு. அளவீடுகளுக்கு இடையே வேறு அளவு இடைவெளி விட்டால், மாற்றம் உறைவதற்குப் பதில் வேகமெடுக்கலாம். அதற்கு எதிர்-ஜீனோ விளைவு என்று பெயர். 2001-ல் குளிரூட்டிய சோடியம் அணுக்களில் இரண்டு விளைவுகளையும் ஒரே சோதனை அமைப்பில் பார்த்தார்கள். நடந்த இடம் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், சுதர்சன் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்த அதே பல்கலைக்கழகம்.

சரி, ஆப்பை மூடிவிட்டு நிமிர்ந்து பாருங்கள். பஸ் வந்துவிட்டது, இங்கே ரொம்ப நேரம் நிறுத்த மாட்டார்கள்.