இரைச்சலின் பிறப்பிடம்

எழுத்தொலிகளின் பிறப்பை ஆராய்ந்த நன்னூலார், உயிருக்கும் இடையினத்திற்கும் மிடற்றையும், மெல்லினத்திற்கு மூக்கினையும், வல்லினத்திற்கு நெஞ்சினையும் இடமாக வகுத்தனர். ஒலியை அறிய விரும்புவோன் முதலில் அது பிறக்கும் இடத்தை அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மோட்டார் வண்டியின் ஒலிக்கும் இது பொருந்துவதாம்.

அக்சிலேற்றரை மிதித்து விரைவு கூட்டுங்கால், வண்டு முரல்வது போன்று எழுந்து, விரைவோடு தானும் உயர்ந்து செல்லும் இரைச்சலைப் பலரும் கேட்டிருப்பர். அதன் பிறப்பிடம் அறியாது பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுதல் பொருளை வீணாக்கும். அதனைப் புறக்கணித்தலோ, நள்ளிரவில் நோயாளியைத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கால் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடவுங் கூடும்.

பழைய வண்டிகளைப் பேணுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் ஆகியன இங்கு தந்தையிடமிருந்து மைந்தர்க்கு உரிமையாய் வந்தன. 1990 இல் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் தடைப்பட்டபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். உதிரிப்பாகம் கிட்டுதற்கரிய அந்நாளில், ‘மாற்றித்தான் பார்ப்போமே’ என்னும் பேச்சுக்கு இடமில்லை. செவியால் ஆராய்ந்த பின்னரே கழற்ற வேண்டியிருந்தது. அந்நெறி இன்றைக்கும் ஏற்றதே.

ஆராய்வோன் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இரைச்சல் எதனைப் பின்தொடர்கின்றது? இயந்திரத்தின் சுழற்சியையா, இயந்திரம் இழுக்கும் பாரத்தையா, சக்கரத்தின் ஓட்டத்தையா?

முதலாவது, இயந்திரத்தின் சுழற்சி. வண்டியை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, கியரை நியூற்றலில் விட்டு இயந்திரத்தை முடுக்குக. நின்ற நிலையிலும் இரைச்சல் எழுமாயின், பெரும்பாலும் முன்புறத்திலுள்ள பான் பெல்ற், டைனமோ, தண்ணீர்ப் பம்பி ஆகியவற்றுள் ஒன்றே காரணமாகும். புதிய வண்டிகளாயின் ஸ்டியறிங் பம்பியையும் இவற்றொடு சேர்த்துக்கொள்க. ஸ்டியறிங்கைத் திருப்புங்கால் ஓசை மிகுமாயின் அதன் ஒயில் குறைந்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். நீண்ட திருப்புளியின் நுனியை ஒவ்வொரு பாகத்தின் கூட்டிலும் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பின், பழுதுற்ற பெயாரிங்கின் கரகரப்புத் தெளிவாகும். சால்வைத் தலைப்பும் கைவிரலும் சுழலும் பெல்றை அணுகாதிருத்தல் இன்றியமையாதது. ஐயம் தீராவிடின், இயந்திரத்தை நிறுத்தி, ஆறியபின் பெல்றைக் கழற்றி, ஒரு நிமிடத்திற்கு மேற்படாது இயக்கிப் பார்க்கலாம். ஓசை மறைந்தால், பெல்ற் இழுக்கும் பாகங்களைக் கையாற் சுழற்றிச் சோதித்தால் குற்றவாளி அகப்படும். பெல்ற் தளர்ந்தால் வழுக்கிக் கீச்சிடும்; அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெயாரிங்குகள் தேயும். நீண்ட பக்கத்தின் நடுவிற் பெருவிரலால் அழுத்த, ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்தல் பழைய வண்டிகளுக்கு ஏற்ற அளவு.

நியூற்றலிற் கேட்ட ஓசை கிளச்சை மிதித்தவுடன் மறையுமாயின், கியர்ப்பெட்டியின் முன் பெயாரிங்கைச் சந்தேகிக்க. மிதித்தவுடன் எழுமாயின், கிளச்சின் பெயாரிங்கே காரணம்.

இரண்டாவது, பாரம். நமது குடாநாட்டில் மலையேற்றம் இல்லை. ஆதலின் விரைவு கூட்டும்போதே இயந்திரம் பாரத்தை உணர்கின்றது. வாகனங்கள் குறைந்த நேரான வீதியில், மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில், மேல் கியரிற் செல்க. மிதிக்கும்போது எழுந்து, காலை எடுத்தவுடன் மறையும் இரைச்சல் கியர்ப்பற்களினது. கீழ்க் கியர்களில் மட்டும் கேட்பின் கியர்ப்பெட்டியையும், மேல் கியரிலும் கேட்பின் பின் அச்சிலுள்ள டிபறன்சியலையும் ஆராய்க. பழைய வண்டிகளின் மேல் கியரில் விசை, கியர்ப்பெட்டியின் பற்களைச் சாராது நேரே பின்செல்வதே இதற்குக் காரணம். மொறிஸ் மைனர் போன்றவற்றில் முதலாம் கியரும் றிவேர்ஸ் கியரும் நேராக வெட்டிய பற்களை உடையன. அவை பாடுதல் இயல்பேயன்றிப் பழுதன்று. இக்காலக் கலப்பு வண்டிகளின் மின்மோட்டாரின் மெல்லிய ஓசையும் அத்தகையதே.

டிபறன்சியல் இரைந்தால் முதலிற் செய்யற்பாலது ஒயிலைப் பார்த்தலாம். ஒயில், ஊற்றும் துவாரத்தின் விளிம்பளவு நிற்றல் வேண்டும். கைந்நூலிற் கூறிய வகையையே, பெரும்பாலும் இ.பி. 90 கியர் ஒயிலையே, விடுதல் வேண்டும். குறைந்திருப்பின், எங்கே கசிகின்றது என்று கண்டு அடைத்தல் வேண்டும். ஒயில் விட்டும் ஓசை நாளுக்கு நாள் வளருமாயின் கைதேர்ந்தவரிடம் ஒப்படைக்க. கிறவுண்வீலும் பினியனும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தேய்த்த இணை. ஒன்றை மட்டும் மாற்றுவது இரைச்சலைப் பெருக்கும்.

மூன்றாவது, சக்கரம். ஓடும்போது கியரை நியூற்றலில் விட்டும் ஓசை மாறாதாயின் அது சக்கரத்தின் பெயாரிங்கோ ரயரோ ஆகும். வீதியின் தன்மைக்கேற்ப மாறினால் ரயர். மெல்ல வலப்புறம் திருப்புங்கால் மிகுந்தால் பெரும்பாலும் இடப்பக்கப் பெயாரிங், இடப்புறமாயின் வலப்பக்கம். இதனை மட்டும் நாளைக்கெனத் தள்ளல் ஆகாது. முற்றும் தேய்ந்தால் சக்கரமே ஆட்டங்காணும்.

இவற்றையெல்லாம் தாமே பழுதுபார்த்தல் வேண்டுமென்பது என் கருத்தன்று. கராச்சுக்குச் செல்வோர் ‘சத்தம் கேட்கிறது’ என்று மட்டுங் கூறாது, ‘மேல் கியரில், ஐம்பதில், மிதிக்கும்போது கேட்கிறது, விட்டால் மறைகிறது’ என்று கூறுதல் வேண்டும். அவ்வொரு வாக்கியம் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். இன்று கற்கும் மாணவரும், நாடெங்கும் பரந்து வாழும் பழைய மாணவரும், இலக்கண வகுப்பில் ஒலிக்கு இடங் கண்ட அதே செவியை வண்டியின்பாலும் செலுத்துவாராக.