கண்ணும் கணக்கும்

செவிலியரைப் புகழ நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. செவிலியர் தினமான மே 12 வந்துவிட்டால் தாய், தேவதை, தியாகச் சுடர் என்று மேடைக்கு மேடை கேட்கலாம். அத்தனையும் அவர்களுடைய மனத்தைப் பற்றிய புகழ்ச்சி. அவர்களுடைய அறிவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பரிவு எல்லாக் காலத்திலும் இருந்தது. மடங்களிலும் வீடுகளிலும் முகம் சுளிக்காமல் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதும், கவனித்ததை எழுதிவைப்பதும், அதற்குப் பொறுப்பேற்பதும் முறையான பயிற்சியாக மாறிய பிறகே செவிலியம் ஒரு தொழிலாக எழுந்து நின்றது. நம் ஊரில் இன்னும் அரைகுறையாகவே ஏற்கப்பட்டிருக்கும் உண்மை இது.

கிரிமியப் போரிலிருந்தே பார்க்கலாம். 1854 நவம்பரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குட்டாரி படை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். கையில் விளக்கோடு இரவில் வார்டு சுற்றிவந்த அவருடைய படம் எல்லோருக்கும் தெரியும். அவர் வந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு ஏறிக்கொண்டே போனது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். குண்டடியைவிடக் காலராவும் சீதபேதியும் டைபஸ் காய்ச்சலும்தான் அதிகம் பேரைக் கொன்றன. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழு அதைக் கழுவிவிட்டுக் காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள் சாவு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

அப்படியென்றால் உயிரைக் காத்தது சாக்கடை துப்புரவுதானே, செவிலியருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நைட்டிங்கேலே அதிலிருந்து நழுவவில்லை என்பதுதான் அவருடைய பெருமை. ஊர் திரும்பியதும் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரின் துணையோடு இறப்புக் கணக்குகளை மாதம் மாதமாக அலசினார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை வட்ட வரைபடமாக வரைந்து 1858-ல் அரசின் முன் வைத்தார். எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டாலும், காற்றையும் தண்ணீரையும் அழுக்கையும் கவனிக்காவிட்டால் நோயாளி சாவான் என்று அந்தக் கணக்கு அவருக்குக் காட்டியது. 1859-ல் வெளிவந்த அவருடைய செவிலியக் குறிப்பு நூலில் நோயாளியைக் கவனிப்பதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அடுத்த ஆண்டு, பொதுமக்கள் திரட்டித் தந்த நிதியில், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அங்கே மாணவியர் மேட்ரனின் பொறுப்பில் இருந்தார்கள். வார்டு வேலையோடு குறிப்பெழுதவும் பழகினார்கள்.

அந்தக் கவனிப்பு இன்றைக்கு வார்டில் எப்படி இருக்கிறது? நோயாளியின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார் ஸ்டாஃப் நர்ஸ். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறார். காலையில் 16 இருந்தது மாலையில் 24 ஆகியிருந்தால், பி.பி. இன்னும் சரியாக இருந்தாலும் உள்ளே ஏதோ கெடுகிறது என்று அவருக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரைச் சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போது இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் பார்க்கிறார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் அது வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். தோல் இன்னும் கிழியவில்லை. இப்போது பிடித்தால் தடுத்துவிடலாம்.

டாக்டர் சொல்வதைச் செய்தால் போதாதா என்ற வாதத்துக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். மிச்ச நேரத்தில் நேரும் மாற்றத்தை யாரோ பார்த்துச் சொன்னால்தானே அவர் உத்தரவிட முடியும்? செவிலிய ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டப்படிப்பு படித்த செவிலியர் 10 சதவீதம் கூடினால் அதே அளவு குறைகிறது. வசதியான மருத்துவமனையில் எல்லாமே நன்றாகத்தானே இருக்கும் என்ற ஐயம் எழலாம். நோயாளிகளின் நிலைமையையும் மருத்துவமனையின் வசதிகளையும் கணக்கில் கொண்டு கழித்த பிறகு கிடைத்த முடிவு இது. இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை அறுதியிட்டு நிறுவாதுதான். ஆனால் வார்டில் நடப்பதோடு அது ஒத்துப்போகிறது.

படிப்பு கூடினால் பரிவு குறையும் என்ற பேச்சும் பழையது. நைட்டிங்கேலே செவிலியரைத் தேர்வு வைத்துச் சட்டப்படி பதிவு செய்வதை எதிர்த்தார். குணத்தைத் தேர்வில் அளக்க முடியாது என்பது அவர் கட்சி. குணம் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் செவிலியர் எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் இந்தக் கேள்வியோடு 1887-லிருந்து போராடினார். 1901-ல் நியூசிலாந்து செவிலியர் பதிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. பிரிட்டன் 1919-ல்தான் இணங்கியது. சென்னை மாகாணத்தில் 1926-ல் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. இந்த விஷயத்தில் நைட்டிங்கேல் தவறினார், ஃபென்விக் வென்றார் என்றே நான் நினைக்கிறேன்.

பதிவும் பட்டமும் வந்துவிட்டன. ஆனால் ஒரே இரவு டியூட்டியில் முழு வார்டையும் ஒருவர் தலையில் கட்டினால், அவர் எத்தனை படித்திருந்தாலும் யாருடைய மூச்சை ஒரு நிமிடம் நின்று எண்ணுவார்? மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது டாக்டரின் பெயரையும் ஸ்கேன் வசதியையும் விசாரிக்கிறோம். இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் விசாரிக்க வேண்டும். அந்த எண்ணை வாசலில் எழுதிவைக்கும்படி அரசும் கட்டளையிட வேண்டும்.